சித்தப்பாவின் கத்திக்கு என்ன வயசு

என் சித்தப்பா ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குகிறவர். அந்தக் கட்டடத்தில் அவர் எல்லாருக்கும் அண்ணன். மூன்றாவது மாடிப் பல் டாக்டர், ஐந்தாவது மாடி இன்ஷூரன்ஸ்காரர்கள், ஏன், அவரைவிட மூத்த வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுவார். "அண்ணே, நாலு." "அண்ணே, கீழே." "அண்ணே, கொஞ்சம் பிடிங்க, ஓடி வரேன்." சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்த அண்ணனையும் கூடவே கழற்றிவிட்டு உள்ளே வருவார். உள்ளே அவர் தம்பி. அப்பாவுக்குத் தம்பி, அம்மாவுக்கும் தம்பி. "டேய், மோட்டாரைப் போடு." "தம்பி, சிலிண்டர் வந்திருக்கு, கொஞ்சம் பிடிங்க." ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர் தினமும் வாசலில் வைத்து வயது மாறுவதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிப்போயிருந்தது.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "வந்தவங்க எல்லாம் ஏதோ ஒரு மாடியில இறங்கிட்டாங்க" என்பார். பொய் சொல்லத் தெரியாது. லிஃப்ட்டில் பொய் சொல்ல வழியில்லை என்பது அவர் விளக்கம். நாலு என்று சொல்லிக் கதவைத் திறந்தால் வெளியே நாலாவது மாடி இருந்தாக வேண்டும். இந்தப் பழக்கத்தால் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம், "அண்ணி தூங்கலை, உள்ள ஒளிஞ்சுக்கிட்டிருக்காங்க" என்று சொல்லி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அவர் குடியிருப்பது எங்கள் வீட்டு மாடி அறையில். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அறையில் வசதியான நாற்காலி ஒன்று இருந்தும் அவர் உட்காருவது அந்த ஸ்டூலில்தான், கதவைப் பார்த்து, முதுகை நிமிர்த்தி, யாரோ ஏறப்போவது மாதிரி. "நாள் முழுக்க மேலயும் கீழயும் போறவனுக்கு நகராத ரூம் ஒண்ணு வேணும்டா" என்பார் என்னிடம். "இது நகராது. படுக்கறதுக்கு முன்னாடி தினமும் பார்த்துடுவேன்."

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது.

அப்பா நீர் வழங்கல் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அடுத்த வருஷம் ஓய்வு. ஓய்வு பெற்றபின் மாடி அறையில் உட்கார்ந்துகொள்வது என்று அவர் தீர்மானித்துவிட்டார். உட்கார்ந்து என்ன செய்வது என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்தில் ஃபேனுக்கு அடியில், பேச்சு இப்படித் தொடங்கியது.

"ரிட்டயர் ஆனா நான் எங்கடா உட்காருவேன்?"

"இப்ப எங்க உட்கார்றியோ அங்கயே உட்காரு."

"இங்க உன் அண்ணி உட்கார்றா."

சமையலறையிலிருந்து அம்மா: "நான் உட்கார்ந்தேனா? எப்ப? யார் பார்த்தது?"

"நீ சும்மா இரு. டேய், கட்டிலைக் கீழ இறக்கி இந்தக் கூடத்துல ஓரமா போட்டுக்கோ. காத்து வரும்."

"கூடம்னா எல்லாரும் போவாங்க வருவாங்க அண்ணா. அது லிஃப்ட் மாதிரியே இருக்கும்."

"இந்த வீட்டுல மூத்தவன் நான். மூத்தவன் சொன்னா சொன்னதுதான்."

இந்த வாக்கியம் எங்கள் வீட்டில் கதவுக்குத் தாழ்ப்பாள் போல. இதற்குப்பின் யாரும் பேசுவதில்லை. ஆனால் சித்தப்பா அன்று பாக்கெட்டில் கையை விட்டார்.

"இந்த வீட்டுல நீ மூத்தவன் இல்ல. இதுதான் மூத்தது."

கையில் இருந்தது அவருடைய கத்தி. கத்தி என்று சொல்வதே ஒரு நம்பிக்கையில்தான். விரல் நீளத்தில், பழுப்புக் கைப்பிடியோடு மடங்கிய ஒரு பொருள். அது திறந்து நான் பார்த்ததில்லை, சித்தப்பாவும் பார்த்ததில்லை. அவருடைய தாத்தா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, கண்ணை மூடுவதற்கு முன் சின்னப் பேரனைக் கூப்பிட்டுக் கையில் வைத்து மூடியது. மூடியது மூடியபடியே இத்தனை காலம் இருந்துவிட்டது. துரு. ஆனாலும் அது சும்மா இல்லை. கட்டடத்து லிஃப்ட்டில் ஆறாவது மாடிக்கான பொத்தான் எப்போதோ கழன்று உள்ளே விழுந்துவிட்டது. அந்தக் குழிக்குள் எதையாவது விட்டு அழுத்தினால்தான் லிஃப்ட் உச்சிக்குப் போகும். சித்தப்பா கத்தியின் முனையை விட்டு அழுத்துவார். ஒரு பொருளையும் வெட்டாமல் தினமும் நூறு பேரை மேலே அனுப்பிக்கொண்டிருந்த கத்தி அது.

"நூறு வருஷத்துக் கத்தி. தாத்தா சின்ன வயசுல கப்பல்காரன்கிட்ட வாங்கினது. உனக்கு மூத்தது, உங்கப்பாவுக்கு மூத்தது."

"எங்கப்பான்னா உனக்கு யாருடா?" என்றார் அப்பா. "கப்பலாம் கப்பல். கடைத்தெருவுல வாங்கினது அது. வாங்கும்போது நான் தாத்தா தோள்ல உட்கார்ந்திருந்தேன். சின்னப் பிள்ளை, ரெண்டோ ரெண்டரையோ. அவர் தலை எண்ணெய் வாசனை இன்னும் மூக்குல இருக்கு. கத்தியை என் கன்னத்துல படுக்க வச்சு, 'மீசை எடுத்துவிடட்டுமாடா'ன்னு கேட்டார். கடையே சிரிச்சுது. சில்லுன்னு இருந்துது."

"அப்ப திறந்திருந்துதா?" சித்தப்பா சண்டையை மறந்து கேட்டார்.

"அது ஞாபகம் இல்ல. சில்லுன்னு இருந்துது, அவ்வளவுதான். அதனால நான்தான் மூத்தவன். அது என் கண் முன்னால வீட்டுக்கு வந்தது."

"வாங்கினது அப்ப இருக்கலாம் அண்ணா. பொறந்தது எப்பன்னு யாருக்குத் தெரியும்?"

அப்பாவுக்கு மூக்கு சிவந்தது. "சரி, மூத்ததாவே இருக்கட்டும். அதுக்கு? அதை நான் அண்ணான்னு கூப்பிடணுமா?"

"கூப்பிடு."

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இருவர் முகத்திலும் சிரிப்பின் சாயல்கூட இல்லை. அப்பா எழுந்து நின்று, ஆபீஸில் தீர்ப்புச் சொல்லும் குரலில் சொன்னார்: "எனக்கு மூத்ததுன்னு நிரூபி. அண்ணான்னு கூப்பிடறேன். ரூம் விஷயத்தையும் அதுவே முடிவு பண்ணட்டும், நான் கட்டுப்படறேன். இளையதுன்னு ஆச்சோ, அன்னிக்கே கட்டில் கீழ இறங்கணும்."

"சரி."

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "இருங்க. அது உங்களுக்கு அண்ணன்னா எனக்கு மச்சினர். நான் அதுக்கு முன்னால மரியாதையா நிக்கணுமா?"

"நிக்கணும்" என்றார் அப்பா.

"அப்ப சமையல்கட்டுப் பக்கம் கொண்டு வராதீங்க. எனக்கு வேலை இருக்கு."

அந்தக் கணக்கில் எனக்குப் புதிதாக ஒரு பெரியப்பா வருவார். ஒன்றரை விரல் அகலத்தில்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு இரண்டு வயது உண்டு. அவர் பிறந்தது 1960இல். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று தலைமையாசிரியர் கேட்டதற்கு, என் தாத்தா வாய்க்கு வந்த வருஷத்தைச் சொல்லியிருக்கிறார்: 1963. அதுவே சான்றிதழில் ஏறி, அதுவே வேலையிலும் ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் இது ரகசியமே அல்ல. படிக்கப் போடும் கண்ணாடி, தூரத்துக்குப் போடும் கண்ணாடி என்று அவர் இரண்டு வைத்திருப்பது போல, வீட்டு வயசு ஒன்று, ஆபீஸ் வயசு ஒன்று. வீட்டு வயசுப்படி அவர் ஓய்வு பெற்று நாளாகிவிட்டது. "சும்மா கிடைச்ச மூணு வருஷம், அதுல உழைச்சு வேற கொட்டுறார்" என்பாள் அம்மா.

மறுநாளே சித்தப்பா கத்தியின் வயதைக் கண்டுபிடிக்கக் கிளம்பினார். துணைக்கு நான்.

முதலில் தெருமுனைப் பூட்டு ரிப்பேர்க்காரர். அவர் கத்தியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். "இந்த மாதிரிக் கத்திக்கெல்லாம் அலகோட அடிவாரத்துல முத்திரை இருக்கும். கம்பெனி, வருஷம் ஏதாவது. ஆனா மடக்கியிருந்தா தெரியாது. திறந்தாத்தான் உண்டு." சொல்லிக்கொண்டே குறடை எடுத்தார். சித்தப்பா கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, பாதித் தெரு தாண்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

"உள்ள அலகு முழுசா இருக்கா, ஒடிஞ்சு கிடக்கான்னு தெரியாம இழுத்தா என்ன ஆகும்? பொட்டுன்னு போயிடும். ரூமும் போயிடும்."

"உள்ளே பார்க்க எக்ஸ்ரேதான் எடுக்கணும் சித்தப்பா" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

மூன்றாவது மாடிப் பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பில் இருந்த பெண் சித்தப்பாவைப் பார்த்ததும் எழுந்தாள். "வாங்கண்ணே. பல்லா?"

"எனக்கு இல்லம்மா. இவருக்கு." கத்தியை மேஜைமேல் வைத்தார்.

அவள் கத்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தாள். தினமும் தன்னை மூன்றாவது மாடிக்குக் கொண்டுவந்து சேர்ப்பவரிடம் முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "எக்ஸ்ரே எடுக்கணும்னா பதிவு பண்ணணும்ணே. பேஷன்ட் பேரு?"

"பேரு வைக்கலை."

"வயசு?"

"அதைக் கண்டுபிடிக்கத்தாம்மா வந்திருக்கோம்."

"வயசு போடலைன்னா இது அடுத்த பக்கத்துக்கே போகாதுண்ணே. உத்தேசமா சொல்லுங்க."

"நூறு."

தட்டினாள். திரை ஏற்றுக்கொண்டது. உடனே ஒரு கேள்வி கேட்டது. "நடக்க முடியாதவரா, வீல்சேர் வேணுமான்னு கேக்குதுண்ணே."

"பாக்கெட்லயே வருவார்னு போடு."

பல் டாக்டர் நல்ல மனிதர். பற்களைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் வருஷக்கணக்கில் அலுத்துப்போயிருந்தார் என்று நினைக்கிறேன். கத்தியை நாற்காலியில் கிடத்தி, விளக்கை இழுத்து, படம் எடுத்தார். திரையில் சாம்பல் நிறக் கைப்பிடிக்குள் வெள்ளையாக ஒரு அலகு படுத்திருந்தது. குழந்தை படுத்திருப்பது போல, கொஞ்சம் வளைந்து. சித்தப்பா மூச்சு விடாமல் பார்த்தார். முப்பது வருஷத்துக்கு மேல் பாக்கெட்டில் இருந்தவரை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

"நல்லா இருக்கார்" என்றார் டாக்டர். "வேர் கெட்டி. ஒடிசல் இல்ல, சொத்தை இல்ல. மேல துரு பிடிச்சு ஈறு இறுகியிருக்கு, அவ்வளவுதான்."

"முத்திரை தெரியுதா டாக்டர்?"

"இதுல தெரியாதுண்ணே. திறக்கத்தான் வேணும். எண்ணெய் விட்டு விட்டுப் பார்க்கலாம்." மெல்லிய ஊசியில் எண்ணெய் ஏற்றி, கைப்பிடியின் இடுக்கில் ஊசிமுனையை வைத்துக் குனிந்தார். பழக்க தோஷம், "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்" என்றார் கத்தியிடம்.

தினமும் ஒரு வேளை என்று சனிக்கிழமை வரை எண்ணெய் வைத்தார். கடைசி நாள், "இனிமே தானா திறந்துக்கும். அவசரப்பட வேண்டாம். நாளை வரைக்கும் கெட்டியா எதையும் கடிக்க விடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். அந்த வாரம் முழுக்க ஆறாவது மாடிக்காரர்கள் ஐந்தில் இறங்கி நடந்தார்கள். விஷயம் தெரிந்திருந்ததால் யாரும் முணுமுணுக்கவில்லை. ஏறும்போது, "அண்ணே, பெரியவர் எப்படி இருக்கார்?" என்று மட்டும் கேட்டார்கள்.

இதற்கிடையில் அப்பாவும் சும்மா இருக்கவில்லை. நடுவர் ஏற்பாடு செய்தார்.

"நம்ம ஆளா இருந்தா நாளைக்கு ஒரு பேச்சு வரும். எங்க மேடம் வரட்டும். அவங்க பழைய பூட்டு, பேனா, கத்தின்னு சேர்த்து வச்சிருக்காங்க. ஆபீஸ் மேஜையில காகிதம் பறக்காம வைக்கக்கூடப் பழைய பூட்டுதான். பார்த்த பார்வையில வயசு சொல்லுவாங்க."

மேடம் என்பது அப்பாவின் மேலதிகாரி. அப்பாவைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். அம்மா கேட்டாள்: "ஏங்க, வீட்டு விஷயத்துக்கு ஆபீஸ் மனுஷங்களைக் கூப்பிடணுமா?"

"நியாயம்னா நியாயம். நான் ஜெயிக்கிறதை நாலு பேர் பார்க்கட்டும்."

"எனக்கு என்னவோ சரியாப் படலை."

"உனக்கு என்னிக்குத்தான் சரியாப் பட்டுது?"

அம்மாவுக்கும் என்ன சரியில்லை என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேடம் வந்தார். சித்தப்பாதான் கதவைத் திறந்தார். திறந்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்று, அவர் நுழைந்ததும் பின்னால் கதவைச் சாத்தி, இல்லாத கம்பிக் கதவையும் ஒரு கையால் இழுத்துவிட்டார். கூடத்து மேஜையில் வெள்ளைத் துணி விரித்திருந்தோம். அதன் நடுவில் கத்தி. சுற்றி நாங்கள் நின்ற தோரணையைப் பார்த்துவிட்டு மேடம் குரலைத் தாழ்த்தினார்.

"இதுதானா?"

"இதுதான் மேடம்" என்றார் அப்பா. "நான் ஆபீஸ்ல சொன்னேனே, தாத்தா வாங்கும்போது நான் தோள்ல உட்கார்ந்திருந்தேன்னு."

"சொன்னீங்க சார். அழகான கதை."

சித்தப்பா ஸ்டூலை மாடியிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து அதில் உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்கு முன்னால் ஸ்டூல் இறங்கிவிட்டது எனக்கு நல்ல சகுனமாகத் தெரியவில்லை. அவர் உள்ளங்கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மேடம் கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துவிட்டு, கத்தியைத் திருப்பி, நகத்தை அலகின் பள்ளத்தில் கொடுத்தார். அம்மா சமையலறைக் குழாயை மூடினாள். ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை. தூங்கி எழுந்த யாரோ நாக்கைச் சப்புக்கொட்டியது போல. கத்தி திறந்துகொண்டது.

நாங்கள் எல்லாரும் குனிந்தோம். தீட்டித் தீட்டி ஒல்லியாகிப்போன அலகு. ஓரத்தில் கறுப்பு. நுனி மட்டும் இன்னும் பளபளவென்று, எதுவும் நடக்காதது மாதிரி இருந்தது.

"ஆந்தை" என்றார் மேடம், கண்ணாடிக்குள் பார்த்தபடி. "அடிவாரத்துல ஆந்தைத் தலை முத்திரை. இந்தக் கம்பெனிக்காரங்க ஆந்தைக்குக் கீழ வருஷத்தோட கடைசி ரெண்டு எண்ணை அடிப்பாங்க. என்கிட்டயே ரெண்டு இருக்கு. இருங்க... அறுபத்தி ரெண்டு."

"ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தி ரெண்டா மேடம்?" என்றார் சித்தப்பா.

"இல்லைங்க. அப்ப இந்தக் கம்பெனியே கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தி ரெண்டு."

கப்பல் மூழ்கியது. சித்தப்பாவின் முகத்தில் அதைப் பார்க்க முடிந்தது. நூறு வருஷமும், கப்பல்காரனும், கொள்ளுத்தாத்தாவின் வாலிபமும் எல்லாமே ஒன்றாகக் கீழே போயின. அவர் தலையைத் தூக்கி மாடிப்படியைப் பார்த்தார்.

அப்பா மேஜையைத் தட்டினார். "பார்த்தியாடா! நான் சொன்னேனா இல்லையா? நான் பொறந்தது அறு..."

அங்கேயே நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது.

"அறுபத்தி மூணு" என்று மேடம் முடித்துக் கொடுத்தார். "உங்க ரிட்டயர்மென்ட் ஃபைல்ல போன வாரம்தானே சார் கையெழுத்துப் போட்டேன். அப்ப கத்திதான் உங்களுக்கு மூத்தது. ஒரு வருஷம்."

வீட்டு வயசும் ஆபீஸ் வயசும் ஒரே மேஜைக்கு முன்னால் நேருக்கு நேர் வந்து நிற்கும் என்று அப்பா யோசிக்கவே இல்லை. வீட்டில் இருக்கும்போது அவர் வீட்டு வயசில் இருப்பார். ஆபீஸைக் கூட்டிவந்தால் அதன் வயசும் கூடவே வரும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அம்மா சமையலறை வாசலில் கண்ணை மூடிக்கொண்டாள். என்ன சரியில்லை என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா அறுபது என்று சொன்னால் ஜெயிப்பார். அறை அவருக்கு. ஆனால் வேலையும் பென்ஷனும் போய், உட்கார அந்த அறையைத் தவிர வேறு எதுவும் இருக்காது.

அப்பா வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும். ஆனால் ஸ்டூலில் இருந்தவர் எழுந்தார். முகத்தில் வருத்தம், ஆனாலும் ஒரு கடமை. தப்பான மாடியில் கதவு திறந்துவிட்டால் அவர் முகம் இப்படித்தான் ஆகும்.

"இல்லைங்க மேடம்" என்றார். "அது தப்பு. அண்ணன் வந்து, அதுக்கு முன்னாடியே..."

"அண்ணா!" என்று கத்தினார் அப்பா.

எல்லாரும் துள்ளிவிட்டோம். அப்பா மேஜைமேல் இரண்டு கைகளையும் ஊன்றி, கத்தியைப் பார்த்துக் குனிந்திருந்தார்.

"அண்ணா" என்றார் இரண்டாம் முறை, கொஞ்சம் தணிந்து. "என்னண்ணா... நல்லா இருக்கீங்களா?"

சித்தப்பாவின் வாக்கியம் வாயிலேயே நின்றுபோனது. மேடம் பூதக்கண்ணாடியை இறக்கினார். "யாரை சார் கூப்பிடறீங்க?"

வேறு வழியில்லாமல் அம்மாதான் பந்தயத்தை விளக்கினாள். மாடி அறை, மூத்தவர், தீர்ப்பு, எல்லாம். மேடம் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கத்திக்கு முன்னால் குனிந்து நிற்கும் தன் தலைமை எழுத்தரை மரியாதையோடு பார்த்தார்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்துறீங்க சார். ஆபீஸ்லயும் நீங்க அப்படித்தான்." பிறகு ஏதோ நினைவு வந்தவர் போல, "ஆனா ஒண்ணு சார். வாங்கும்போது தோள்ல இருந்ததா சொன்னீங்களே? ரெண்டு வயசோ ரெண்டரையோன்னு. கத்தி வாங்கினது அறுபத்தி ரெண்டு, அறுபத்தி மூணுலன்னா நீங்க கைக்குழந்தை. இல்ல, பொறக்கவே இல்ல."

அப்பா கத்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பளபளக்கும் நுனியை.

"அது கேட்ட கதை மேடம்" என்றார். "தோள்ல இருந்தது வேற யாரோ. நான் இல்ல."

சித்தப்பா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மேடம் டீ குடித்தார், பிஸ்கட் ஒன்றை எடுத்துக்கொண்டார், அலகுக்கு என்ன எண்ணெய் பூச வேண்டும் என்று சொன்னார். சித்தப்பா அவரை வாசல் வரை கொண்டுவிட்டார். "கீழேதானே மேடம்?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. எங்கள் வாசலில் இரண்டே படிகள்.

திரும்பி வந்த சித்தப்பா அப்பாவுக்கு எதிரில் நின்றார். "அண்ணா, நீதான் மூத்தவன். எனக்குத் தெரியும். நீ அறுப..."

"மெதுவாப் பேசுடா. அவங்க தெருமுனை தாண்டட்டும்."

நின்றார்கள். ஜன்னலில் நான் பார்த்தேன். மேடம் தெருமுனையில் திரும்பினார். தலையாட்டினேன்.

"ரிட்டயர் ஆகற வரைக்கும் நான் இளையவன்" என்றார் அப்பா. "அதுக்கப்புறம் பேசிக்கலாம்."

"எப்படி அண்ணா? ரூம் விஷயத்தை அவரே முடிவு பண்ணட்டும்னு சொன்னியே."

"என்ன சொல்றார் உங்க அவர்?"

சித்தப்பா மேஜையிலிருந்து கத்தியை எடுத்தார். திறந்த கத்தியைப் பிடிக்கும் பழக்கம் அவர் கைக்கு இல்லை, லிஃப்ட் குழிக்குள் விடுவது போலவே பிடித்திருந்தார். ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். பிறகு யாரும் எதிர்பார்க்காமல் ஒரு எட்டு முன்னால் வைத்து, அலகைப் படுக்கவைத்து, அப்பாவின் கன்னத்தில் மெதுவாக ஒற்றினார்.

"மீசை எடுத்துவிடட்டுமாடான்னு கேக்கறார்."

அப்பாவின் மீசை நரைத்து நாளாகிவிட்டது. அவர் விலகவில்லை. கண்ணை மட்டும் சுருக்கினார்.

"சில்லுன்னு இருக்கா?"

"இருக்கு" என்றார் அப்பா. அப்புறம், "எடுடா கையை. வெட்டிக் கிட்டி வைக்கப்போறே."

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "மச்சினரை மேஜை ஓரத்துல வைக்காதீங்க தம்பி. கீழ விழுந்தா யாரு பார்க்கிறது?"

ஸ்டூலை நான்தான் மாடிக்குக் கொண்டுபோய் வைத்தேன். கதவுக்குப் பக்கத்தில் அதன் நான்கு கால்களும் பதிந்த இடம் தரையில் வெளுத்துத் தெரிந்தது. அதிலேயே வைத்தேன்.

மறுநாள் காலை. பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அப்பா ஆபீஸுக்குக் கிளம்பி, இளையவருக்குரிய சட்டையைப் போட்டுக்கொண்டு, மாடிப்படியின் கீழே வந்து நின்றார். "டேய்!" என்று வழக்கம்போல ஆரம்பித்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டேய், கூடத்துச் சுவருக்குப் பச்சை அடிக்கலாமா, மஞ்சள் அடிக்கலாமான்னு அவரைக் கேட்டுச் சொல்லு. பெயின்ட்காரன் இன்னிக்கு வரான்."

மேலே ஸ்டூல் நகரும் சத்தம். பிறகு சித்தப்பாவின் குரல் இறங்கி வந்தது:

"யோசிச்சுச் சொல்றாராம். அதுக்குள்ள மோட்டாரைப் போடச் சொல்றார்."

அப்பா சற்று நேரம் மாடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய் மோட்டாரைப் போட்டார்.